தட்டில் தெரியும் வட்டம்

பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டை வட்டத்தில், அரும்பாவூருக்குப் பக்கத்தில், பச்சைமலை அடிவாரத்தில் இருக்கிறது பூலாம்பாடி. சின்ன வெங்காயம், மக்காச்சோளம், பருத்தி விளைகிற பூமி. அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது இந்தப் பக்கத்து ஊர்ப் பெயர்கள் கொஞ்சம் வெளியே தெரிந்தன. இதே வட்டாரத்தின் இன்னொரு செல்வம் யாருடைய முத்திரையும் இல்லாமல் வேலியிலும் வரப்பிலும் கிடக்கிறது. வேலியோரம் நொச்சி, வேலிப்பருத்தி, பிரண்டை. தரிசில் ஆவாரை, துத்தி. குப்பைமேட்டில் குப்பைமேனி. ஈரம் இருக்கிற வாய்க்கால் கரையில் கரிசலாங்கண்ணி. நாலு மழை பெய்துவிட்டால் தும்பையும் கீழாநெல்லியும் கேட்பாரற்று முளைக்கும். மலையேறினால் கடுக்காயும் நெல்லியும்.

இங்கே இவற்றை மூலிகை என்று தனியாக ஒரு பெயர் சொல்லி யாரும் அழைப்பதில்லை. சளி கட்டினால் நொச்சித் தழை போட்டு வேது பிடிப்பார்கள். பிள்ளைகளுக்குச் சொறி சிரங்கு வந்தால் குப்பைமேனியை உப்போ மஞ்சளோ சேர்த்து அரைத்துப் பூசி, ஊறவைத்துக் குளிப்பாட்டுவார்கள். காமாலை என்றால் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுப்பார்கள். களையெடுக்கும்போது கையில் பட்டுவிட்டால் வெட்டுக்காயப் பூண்டைக் கசக்கி நாலு சொட்டு விட்டுக் கட்டிக்கொண்டு, மறுபடியும் குனிந்துவிடுவார்கள். மலையாளப்பட்டி, கொட்டாரக்குன்று பக்கத்து மலையாளிப் பழங்குடி மக்களுக்குத் தெரிந்த தழைகளின் கணக்கு இதைவிடப் பெரிது.

இந்தத் தழைகள் இப்போது கல்லூரி ஆய்வகங்களுக்கும் போகின்றன. திருச்சி, பெரம்பலூர், அரியலூர், சேலம் வட்டாரத்தில் தாவரவியலும் நுண்ணுயிரியலும் உயிர்வேதியியலும் படிக்கிற பிள்ளைகள் பலர், பட்டத்துக்கான ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும் முதல் தலைப்பே ஊர்ப்பக்கத்துச் செடி ஒன்றின் பாக்டீரியா எதிர்ப்புத் திறனும் ஆக்சிஜனேற்ற எதிர்ப்புத் திறனும்தான். பாட்டி கையிலிருந்த தழையைப் பேத்தி கண்ணாடிக் குடுவைக்குள் போட்டுப் பார்ப்பது எனக்குப் பிடித்த காட்சி. ஆனால் அந்த ஆய்வு எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்பதைப் பற்றிப் பேசத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்தப் பெண் செய்கிற வேலையைக் கிட்டே நின்று பார்ப்போம். தழையைப் பறித்து, மண் போகக் கழுவி, நிழலில் காயவைக்கிறாள். வெயிலில் காய்ந்தால் சில சத்துகள் சிதைந்துவிடும் என்பதால் நிழல். மிக்சியில் பொடியாக்கி, மெத்தனாலில் ஒரு நாளோ மூன்று நாளோ ஊறவைக்கிறாள். வடிகட்டி, மெத்தனாலை ஆவியாக்கினால் அடியில் கரும்பச்சையாகப் பிசுபிசுவென்று கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதுதான் சாறு. இன்னொரு பக்கம், கண்ணாடித் தட்டில் ஊற்றி உறையவைத்த அகார் கூழின் மேல் பாக்டீரியாவைப் பஞ்சால் சீராகத் தடவுகிறாள். கூழில் 6 மில்லிமீட்டர் அகலத்தில் சிறு குழிகள் வெட்டி, சாற்றை அளந்து விடுகிறாள். தட்டு 37 டிகிரி சூட்டில் ஒரு ராத்திரி இருக்கும். மறுநாள் காலையில் தட்டு முழுக்க பாக்டீரியா பால் ஏடுபோலப் படர்ந்திருக்கும். குழியைச் சுற்றி மட்டும் தெளிந்த வட்டம் ஒன்று விழுந்திருந்தால் அங்கே பாக்டீரியா வளரவில்லை என்று அர்த்தம். ஸ்கேலை வைத்து அளக்கிறாள். 14 மில்லிமீட்டர், 17 மில்லிமீட்டர்.

ஆக்சிஜனேற்ற எதிர்ப்புக்கான சோதனை இன்னும் பார்வைக்கு அழகு. டிபிபிஎச் என்று ஒரு வேதிப்பொருள், கரைசலில் அடர்ந்த ஊதா நிறம். அதுவே ஒரு தனி உறுப்பு, அதாவது ஜோடி இல்லாத எலக்ட்ரானோடு நிற்கிற மூலக்கூறு. சாற்றில் இருக்கிற பீனால் வகைப் பொருள்கள் அதற்கு ஹைட்ரஜனைக் கொடுத்தால் ஊதா வெளுத்து மஞ்சளாகும். எவ்வளவு வெளுத்தது என்பதை 517 நானோமீட்டர் அலைநீளத்தில் கருவி அளந்து சொல்லும். 1958-ல் மார்ஸ்டன் பிளாய்ஸ் என்பவர் வெளியிட்ட முறை இது. செலவு குறைவு, அரை மணி நேரத்தில் முடிவு. அதனாலேயே உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

இரண்டு சோதனையும் முடிந்ததும் ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு வாக்கியம் வரும்: இந்தச் செடிக்கு நல்ல பாக்டீரியா எதிர்ப்புத் திறனும் ஆக்சிஜனேற்ற எதிர்ப்புத் திறனும் இருப்பது நிரூபணமாகிறது, புதிய மருந்துக்கு இது வழிகாட்டும். அதோடு ஆய்வேடு மூடப்படும். அடுத்த ஆண்டு அடுத்த மாணவி, அடுத்த செடி, அதே வாக்கியம்.

500 மடங்கு

அந்த வட்டம் பொய் இல்லை. அது என்ன சொல்கிறது என்பதைத்தான் சரியாகக் கேட்க வேண்டும். ஒரு சின்னக் கணக்குப் போடலாம். மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் சாறு என்று கரைத்து, குழிக்கு 50 மைக்ரோலிட்டர் விட்டால், குழிக்குள் இறங்குவது 5 மில்லிகிராம். பக்கத்தில் ஒப்பீட்டுக்காக வைக்கிற ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் வில்லையில் இருப்பது 10 மைக்ரோகிராம். சாறு 500 மடங்கு அதிகம். 500 மடங்கு போட்டு, பல சமயம் வில்லையைவிடச் சின்ன வட்டம். சாற்றில் நூறு பொருள் கலந்திருக்கிறது, வேலை செய்வது அதில் ஒரு துளியாக இருக்கலாம் என்பது உண்மைதான். அப்படியானால் அந்தத் துளி எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலான ஆய்வேடுகளில் அந்தப் பக்கம் இருக்காது.

வட்டத்தின் அகலமும் வீரியத்தின் அளவும் ஒன்றல்ல. சின்ன மூலக்கூறு கூழுக்குள் வேகமாகப் பரவி அகன்ற வட்டம் போடும். கடுக்காயின் துவர்ப்புக்குக் காரணமான டானின் போன்ற பெரிய மூலக்கூறு நகரவே சிரமப்பட்டுக் குழியோரம் நின்றுவிடும். அதனால்தான் வளர்ச்சியைத் தடுக்கத் தேவையான குறைந்தபட்ச அளவு என்ன என்று திரவத்தில் படிப்படியாக நீர்க்கச் செய்து பார்க்கச் சொல்கிறார்கள்.

இன்னொன்று, எந்த பாக்டீரியா என்பது. 1884-ல் டென்மார்க்கின் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் கண்டுபிடித்த சாயமுறை பாக்டீரியாவை இரண்டாகப் பிரித்தது. கிராம் நெகட்டிவ் வகைக்கு வெளியே கூடுதலாக ஒரு சவ்வு உண்டு; பல பொருள்களை அது உள்ளே விடாது. சீழ்ப்புண்ணில் இருக்கிற ஸ்டெஃபைலோகாக்கஸ் கிராம் பாசிட்டிவ். அதன்மேல் நம் ஊர்த் தழைகள் பல நல்ல வட்டம் காட்டும். ஈ.கோலை, சூடோமோனாஸ் என்று கிராம் நெகட்டிவ் பக்கம் போனால் வட்டம் மங்கிவிடும்.

சரி, அந்தச் சாற்றைக் குடித்தால்? வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலில் சுமார் 5 லிட்டர் ரத்தம் இருக்கிறது. தட்டில் வேலை செய்ய மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் தேவைப்படுகிற சாறு, ரத்தத்திலும் அந்த அளவை எட்ட வேண்டுமென்றால் 5 கிராம் சாறு அப்படியே, குடலில் சிதையாமல், கல்லீரலில் மாறாமல் ரத்தத்தில் கலக்க வேண்டும். பத்துக்கு ஒரு பங்கு சாறு கிடைக்கும் என்று வைத்தால் 50 கிராம் காய்ந்த தழை. ஒரு வேளைக்கு. எந்த வயிறு தாங்கும்? பெனிசிலினும் டெட்ராசைக்ளினும் பூஞ்சையிலிருந்தும் மண் பாக்டீரியாவிலிருந்தும் வந்தன. இத்தனை ஆயிரம் செடிகளைத் தட்டில் வைத்துப் பார்த்த பிறகும், அவற்றின் வரிசையில் நின்று உடல் முழுக்கப் பரவிய பாக்டீரியாத் தொற்றைத் தீர்க்கிற ஒரு மருந்து செடியிலிருந்து இன்னும் வரவில்லை. இதை மறைத்துப் பேசுவது செடிக்கும் மரியாதையில்லை, நோயாளிக்கும் நியாயமில்லை.

இந்தக் கணக்கையே திருப்பிப் போட்டால் ஊர்ப் பழக்கத்தின் அறிவு புலப்படும். தோலின் மேல் அந்த 500 மடங்கு எட்டாத தூரம் இல்லை. அரைத்த தழை நேராகப் புண்ணின் மேல் உட்காருகிறது. சாறு நீர்ப்பதற்கு 5 லிட்டர் ரத்தம் குறுக்கே வரவில்லை. பூலாம்பாடிப் பக்கம் பாக்டீரியாவுக்கு எதிராகப் பயன்படுகிற தழைகளில் பெரும்பகுதி பற்றாகவும் களிம்பாகவும் கழுவுகிற நீராகவும்தான் பயன்படுகிறது என்பது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. புண், சிரங்கு, வாய்ப்புண், மாட்டின் மடி. ஆய்வும் அங்கேதான் முதலில் போயிருக்க வேண்டும்.

வெட்டுக்காயப் பூண்டையே எடுத்துக்கொள்வோம். மஞ்சள் நடுவும் வெள்ளை இதழும் வைத்து, மூக்குத்தி மாதிரி ஒற்றைக் காம்பில் நிற்கிற பூ. மூக்குத்திப் பூண்டு என்றும் சொல்வார்கள். இந்தச் செடியின் பூர்வீகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதி. கடல் வழி வணிகம் தொடங்கிய பிறகு, கடந்த சில நூற்றாண்டுகளுக்குள் நம் மண்ணுக்கு வந்து சேர்ந்த களை. வந்த செடியை நம் உழவர்கள் கசக்கி, முகர்ந்து, காயத்தில் வைத்துப் பார்த்து, ரத்தம் நிற்கிறது, சீழ் பிடிக்கவில்லை என்று கண்டு, தங்கள் வைத்தியத்துக்குள் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். பாரம்பரிய அறிவு என்றால் மாறாமல் கிடக்கிற பழம்பொருள் என்று நினைப்பவர்களுக்கு இந்தச் சின்னப் பூவைக் காட்ட வேண்டும். ஊர் தொடர்ந்து சோதனை செய்துகொண்டேதான் இருந்திருக்கிறது.

கீழாநெல்லி போன தூரம்

தட்டோடு நிற்காமல் மனிதர் வரை போன ஆய்வு தமிழ்நாட்டிலேயே நடந்திருக்கிறது. ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்ததற்காக 1976-ல் நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பர்க், அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் இருந்தபடி, காமாலைக்குக் கொடுக்கப்படும் செடிகளில் அந்த வைரஸை எதிர்க்கிற பொருள் இருக்கிறதா என்று தன் குழுவோடு தேடினார். தேடல் வந்து நின்ற இடம் கீழாநெல்லி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியலாளர் எஸ்.பி.தியாகராஜன் தலைமையில் சென்னையில் மனிதர்களிடம் சோதனை நடந்தது. வைரஸைச் சுமப்பவர்கள் 78 பேர். ஒரு பகுதியினருக்குக் கீழாநெல்லிப் பொடி 200 மில்லிகிராம், நாளைக்கு மூன்று வேளை, 30 நாள். மற்றவர்களுக்கு அதேபோலத் தோன்றும் வெற்று மருந்து. முடிவு 1988-ல் லான்செட் இதழில் வந்தது: கீழாநெல்லி சாப்பிட்டு, பிறகு ரத்தச் சோதனைக்கு வந்த 37 பேரில் 22 பேரின் ரத்தத்திலிருந்து வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்திருந்தது. வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி.

உலகம் திரும்பிப் பார்த்தது. நியாயமான திரும்பல்தான், நம் வரப்புச் செடி ஒன்று உலகின் பெரிய மருத்துவ இதழில் எண்களோடு நின்றது. பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். தாய்லாந்திலும் மற்ற நாடுகளிலும் இதைத் திரும்பச் செய்து பார்த்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. 2011-ல் காக்ரன் அமைப்பு அதுவரை வந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்து, கீழாநெல்லியினத்தை ஹெபடைடிஸ் பி நோய்க்கு மருந்தாகப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்றது. சென்னையில் பயன்பட்ட செடிக்கும் மற்ற இடத்துச் செடிக்கும் இடையே வித்தியாசமா, பறித்த பருவமா, மண்ணா, நோயாளிகளின் நிலையா என்ற விவாதம் எழுந்தது. கீழாநெல்லி என்ற பெயரில் வயலில் நிற்பதிலேயே ஒன்றுக்கொன்று உருவம் ஒத்த பல இனங்கள் உண்டு. பக்கத்திலேயே மேலாநெல்லியும் நிற்கும். பறிப்பவர் கண் தவறினால் மருந்தே வேறு.

இந்த ஆய்வு தோற்றது என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. கேள்வியைச் சரியாகக் கேட்டு, ஒப்பீட்டுக் குழு வைத்து, எண்ணைப் பகிரங்கமாக வைத்தார்கள். அதனால்தான் மற்றவர்கள் அதைச் சரிபார்க்க முடிந்தது. தட்டோடு நிற்கிற நூறு ஆய்வேடுகளைவிட இந்த ஒன்று நமக்குக் கற்றுக்கொடுத்தது அதிகம். காமாலை கண்டவர்கள் முதலில் ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும். ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசியும் மருந்தும் இருக்கின்றன.

செடி மருந்தானதும் நடந்திருக்கிறது. ஆடாதோடையின் வாசிசின் என்ற பொருளை அடியொற்றித்தான், சளியை இளக்கும் இருமல் மருந்துகளில் இருக்கிற புரோம்ஹெக்சின் உருவானது. ஆடாதோடைக் கஷாயம் வேண்டாம் என்று முகம் சுளித்து இருமல் டானிக் கேட்கிற பிள்ளை, பல சமயம் அதே செடியின் பேரப்பிள்ளையைத்தான் குடிக்கிறது.

எதில் கரைக்கிறோம் என்பதும் முடிவைப் புரட்டிவிடும். சீனாவின் தூ யூயூ மலேரியாவுக்கான செடியைக் கொதிக்கவைத்துப் பார்த்தபோது பலன் நிலைக்கவில்லை. சுமார் 1,600 ஆண்டுகளுக்கு முந்தைய கெ ஹோங் என்பவரின் மருத்துவக் குறிப்பில், செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்ததைக் கவனித்தார்; அடுப்பைப் பற்றி அதில் பேச்சே இல்லை. 1971-ல் குறைந்த சூட்டில் ஆவியாகிற ஈதரில் பிரித்தார். ஆர்டெமிசினின் கிடைத்தது, 2015-ல் நோபல் பரிசும். நம் ஆய்வகங்களில் மெத்தனாலில் ஊறுகிற தழையை ஊரில் யாரும் மெத்தனாலில் ஊறவைப்பதில்லை. தண்ணீரில் காய்ச்சுகிறார்கள், நல்லெண்ணெயில் வாட்டுகிறார்கள், மோரில் கரைக்கிறார்கள், சுண்ணாம்போடு குழைக்கிறார்கள். ஊர் செய்கிறபடி ஒரு முறையாவது செய்து பார்த்துவிட்டுத்தான் ஊர்ப் பழக்கம் சரியா தவறா என்று எழுத வேண்டும்.

ஒரு பொருளை மட்டும் பிரித்தெடுத்தால் வீரியம் போய்விடுகிற கதையும் உண்டு. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிற மரமஞ்சளுக்கு அந்த மஞ்சள் நிறத்தைத் தருவது பெர்பெரின். அமெரிக்காவில் பெர்பெரின் உள்ள பெர்பெரிஸ் இனச் செடி ஒன்றை ஃபிராங்க் ஸ்டெர்மிட்ஸ், கிம் லூயிஸ் குழுவினர் ஆராய்ந்து 2000-ல் முடிவை வெளியிட்டார்கள். ஸ்டெஃபைலோகாக்கஸ் தனக்குள் நுழைகிற பெர்பெரினை ஒரு பம்பு வைத்து வெளியே தள்ளிவிடுகிறது. அதே செடியில் இருக்கிற இன்னொரு பொருளுக்குத் தனியாக பாக்டீரியாவைக் கொல்லும் சக்தி இல்லை. ஆனால் அது அந்த பம்பை அடைத்துவிடுகிறது. இரண்டும் சேர்ந்தால் பாக்டீரியா தப்ப முடியாது. ஆன்டிபயாட்டிக்குகளுக்குக் கட்டுப்படாத பாக்டீரியாவால் 2019-ல் மட்டும் உலகில் 12.7 லட்சம் பேர் இறந்ததாக லான்செட் ஆய்வு ஒன்று கணித்தது. இன்று ஆய்வாளர்கள் தேடுபவற்றில் இப்படிப் பழைய மருந்துக்குக் கைகொடுக்கிற துணைப் பொருள்களும் உண்டு. பச்சைமலைத் தழைகளில் அந்த வேலையைச் செய்வது எது என்று பார்க்க, இருக்கிற தட்டும் இருக்கிற வில்லையும் போதும். சாற்றையும் ஆன்டிபயாட்டிக்கையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

ஊதா வெளுத்தால் ஆயுள் கூடுமா?

ஆக்சிஜனேற்ற எதிர்ப்பு என்ற சொல்லை வைத்து நடக்கிற வியாபாரம் பெரிது. டப்பா டப்பாவாகப் பொடிகள், மாத்திரைகள். ஊதாக் கரைசலை வெளுக்க வைப்பது, அந்தச் செடியில் பீனால் வகைகள் நிறைய இருக்கின்றன என்பதற்குச் சாட்சி. ஓடி ஒளிய முடியாத செடி, வெயிலையும் பூச்சியையும் பூஞ்சையையும் சமாளிக்கத் தனக்காகச் செய்துகொண்ட பொருள்கள் அவை. நம் உடம்புக்குள் அதே வேலையைச் செய்யுமா என்பது தனிக் கேள்வி. குடலைக் கடக்கும்போதே பல உருமாறிவிடும். தனி உறுப்புகள் எல்லாமே பகையும் அல்ல; கிருமியைக் கொல்ல நம் வெள்ளையணுக்கள் அவற்றைத்தான் ஆயுதமாகப் பயன்படுத்துகின்றன.

ஃபின்லாந்தில் புகைப்பழக்கம் உள்ள 29,133 ஆண்களிடம் ஒரு பெரிய சோதனை நடந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை நுரையீரல் புற்றுநோயைக் குறைக்கும் என்று நம்பிக் கொடுத்தார்கள். 1994-ல் முடிவு வந்தபோது, மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. உணவுப் பொருள்களின் ஆக்சிஜனேற்ற எதிர்ப்பு எண்களைப் பட்டியல் போட்டு வைத்திருந்த அமெரிக்க வேளாண்மைத் துறை, அந்த எண்களை வைத்து வணிகர்கள் ஏமாற்றுகிறார்கள், உடலில் அவற்றுக்கு அர்த்தம் நிரூபணமாகவில்லை என்று சொல்லி 2012-ல் பட்டியலையே எடுத்துவிட்டது.

இதனால் நெல்லிக்காயையும் முருங்கைக் கீரையையும் விட்டுவிடச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கீரையும் காயும் பழமும் சாப்பிடுகிறவர்களுக்கு நோய் குறைவு என்பதற்குச் சான்று நிறைய. பெரம்பலூர் மாவட்டத்தின் பெருமையான சின்ன வெங்காயத்தில் குவர்செடின் என்ற ஆக்சிஜனேற்ற எதிர்ப்புப் பொருள் இருக்கிறது. அதுவும் சிவந்த மேல்தோல் பக்கம்தான் அதிகம். பட்டறை பிரிக்கும்போது காற்றில் பறக்கிற அந்தச் சருகுத் தோலைச் சாயத்துக்கோ எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்காமல் காப்பதற்கோ பயன்படுத்த முடியுமா என்று பார்ப்பது உள்ளூர்க் கல்லூரிக்கு ஏற்ற நல்ல ஆய்வு. ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பது எண்ணெயிலும் உணவிலும் நேரடியாகக் கண்ணுக்குத் தெரிகிற வேலை. வயிற்றுக்குள் என்ன ஆகும் என்று ஊகிக்கத் தேவையில்லை.

பச்சிலை பக்கவிளைவு தராது என்ற பேச்சையும் நிறுத்திக்கொள்ள வேண்டும். கரிசல் காட்டில் படர்கிற ஆடுதீண்டாப்பாளைச் சாறும் தட்டில் வட்டம் காட்டும். அந்த இனத்தில் இருக்கிற அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுத்து, சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயை உண்டாக்குவது உறுதியானது. 1990-களில் பெல்ஜியத்தில் உடல் இளைக்க அந்த இன மூலிகை கலந்த மாத்திரை சாப்பிட்ட பெண்கள் பலர் சிறுநீரகத்தை இழந்தார்கள். குப்பைமேனியைத் தோலில் பூசுவது வேறு, உள்ளுக்குச் சாப்பிடுவது வேறு. இலங்கையில் குப்பைமேனி சேர்த்த கஞ்சி குடித்தவர்களில், ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்துபோனதை அங்குள்ள மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அரியலூர் பக்கம் ஜெயங்கொண்டத்தில் விதைக்காகப் பயிராகிற செங்காந்தளை எடுத்துக்கொண்டால், அதன் கால்சிசின் கவுட் என்ற மூட்டுவாதத்துக்கு மருந்து. கிழங்கைத் தெரியாமல் தின்றால் உயிருக்கே ஆபத்து. ஒரே செடி, அளவுதான் வித்தியாசம்.

மடியில் பூசுகிற செந்நிறக் களிம்பு

வட்டத்தைத் தாண்டிப் போனதற்கு நம் பக்கத்திலேயே நல்ல உதாரணம், மாட்டின் மடிநோய்க்கான களிம்பு. கறவை மாடு வைத்திருக்கிற வீடுகளுக்கு மடிவீக்கம் என்றாலே வயிற்றைக் கலக்கும். மடி கல்லாகிவிடும், பால் திரியும், ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டால் மருந்து பாலில் இறங்கும் என்பதால் சில நாள் பாலைக் கீழேதான் ஊற்ற வேண்டும். ஊற்றாமல் கேனில் சேர்ப்பவர்களும் உண்டு. அந்தப் பாலைக் குடிக்கிற குழந்தையின் வயிற்றில் இருக்கிற பாக்டீரியா அந்த மருந்துக்குப் பழகிக்கொள்ள வாய்ப்பு உண்டு.

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் என்.புண்ணியமூர்த்தி, தஞ்சாவூரில் இருந்தபடி உழவர்களிடம் கேட்டுத் தெரிந்தவற்றை அளவு குறித்து, மாட்டில் வைத்துச் சரிபார்த்து, மரபுவழிக் கால்நடை மருத்துவமாக ஒழுங்குபடுத்தினார். தேசிய பால்வள வாரியம் அதை எடுத்து மற்ற மாநிலங்களுக்கும் கொண்டுபோனது. மடிநோய்க்கான அளவு இது: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். கற்றாழை மடலைத் தோலோடு துண்டாக்கி, மூன்றையும் சேர்த்து அரைக்க வேண்டும். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டதும் களிம்பு செக்கச் செவேலென்று ஆகிவிடும். மடியைச் சுத்தமாகக் கழுவி, கெட்ட பாலைக் கறந்து எடுத்துவிட்டு, ஒரு கைப்பிடி களிம்பைத் தண்ணீரில் நீர்க்கக் கரைத்து மடி முழுக்கத் தடவ வேண்டும். நாளைக்கு எட்டு, பத்து முறை, ஐந்து நாளைக்கு. கூடவே மாட்டுக்கு எலுமிச்சம்பழம் இரண்டு கொடுக்கச் சொல்கிறார்கள்.

பத்து முறை என்பதுதான் இதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. களிம்பு காய்ந்தால் வேலை நின்றுவிடும். திரும்பத் திரும்பத் தடவினால்தான் தோலின் மேல் அளவு குறையாமல் இருக்கும். வேலை, பொறுமை, கணக்கு மூன்றும் வேண்டும். காய்ச்சலும் சோர்வும் உள்ள மாட்டுக்குக் கால்நடை மருத்துவரை அழைப்பதும் இந்தப் பயிற்சியிலேயே சொல்லித்தரப்படுகிறது. பூலாம்பாடி, அரும்பாவூர் பகுதியில் கற்றாழைக்கும் மஞ்சளுக்கும் சுண்ணாம்புக்கும் பஞ்சமில்லை. பால் சொசைட்டி ஒன்று ஆண்டு முழுக்க எத்தனை மாட்டுக்குப் பூசினோம், எத்தனை குணமானது, எத்தனைக்கு ஊசி தேவைப்பட்டது என்று நோட்டுப் போட்டு எழுதினாலே, உள்ளூர்க் கல்லூரிப் பிள்ளைகளுக்கு உலகம் படிக்கத் தகுந்த ஆய்வு ஒன்று கையில் இருக்கும்.

எந்த ஆய்வுக்கும் முதல் படி, செடி இன்னதுதான் என்று உறுதி செய்வது. அதற்கு நமக்குக் கொடுப்பினை இருக்கிறது. திருச்சி தூய வளனார் கல்லூரியில், பிரெஞ்சு சேசுசபைப் பாதிரியார் ராபினாட் பெயரில் 1967-ல் தொடங்கிய தாவரப் பாதுகாப்பகம் உண்டு. அதைக் கட்டியெழுப்பிய அருட்தந்தை கே.எம்.மேத்யூ, சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலை என்று இந்த மலைகளின் செடிகளைச் சேகரித்து, தமிழ்நாட்டுக் கர்நாட்டிக் பகுதியின் தாவரங்கள் என்ற பெரிய தொகுதியை 1981 முதல் வெளியிட்டார். தழையை அழுத்திக் காயவைத்து, பறித்த இடமும் தேதியும் ஓர் அட்டையில் எழுதி அங்கே ஒரு மாதிரியை ஒப்படைத்துவிட்டால், ஐம்பது வருடம் கழித்தும் இன்னொருவர் வந்து இந்தச் செடிதான் அது என்று சரிபார்க்கலாம்.

அந்த அட்டையில் இன்னொரு பெயரும் இடம்பெற வேண்டும்: செடியைக் காட்டியவர் பெயர். பெரும்பாலான ஆய்வேடுகளில் உள்ளூர் மக்கள் பயன்படுத்துகிறார்கள் என்ற அரை வரியோடு மலையாளி மக்களின் பங்கு முடிந்துவிடுகிறது. 1987-ல் அகத்தியமலைப் பக்கம் காணிப் பழங்குடியினர் களைப்பு நீங்கத் தின்ற ஆரோக்கியப்பச்சையின் பழத்தை ஆய்வாளர்களுக்குக் காட்டினார்கள். கேரளத்தின் பாலோடு தாவரவியல் பூங்கா அதிலிருந்து ஜீவனி என்ற மருந்தை உருவாக்கி, கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய ஃபார்மசிக்கு உரிமம் கொடுத்தது. 10 லட்சம் ரூபாய் கட்டணத்திலும் விற்பனையில் 2 சதவீத உரிமைத்தொகையிலும் பாதி காணி மக்களுக்கு என்று முடிவானது. அதைப் பெற 1997-ல் அவர்கள் ஓர் அறக்கட்டளையும் அமைத்தார்கள். பின்னால் குறைகள் வந்தன, சிக்கல்கள் வந்தன. ஆனாலும் அறிவைக் கொடுத்தவருக்குப் பங்கு உண்டு என்பது அங்கே எழுத்தில் ஏறியது.

2002-ன் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அது மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டை எழுதி வைத்திருக்க வேண்டும். பூலாம்பாடி பேரூராட்சிக்கும் மலையடிவார ஊராட்சிகளுக்கும் இது பொருந்தும். எந்தத் தழை, எந்தக் காட்டில், எந்த மாதத்தில், எதில் கரைத்து, எந்த நோய்க்கு, யார் சொன்னது என்று அந்தப் பதிவேட்டில் வரி வரியாக எழுத, தாவரவியல் படிக்கிற உள்ளூர்ப் பிள்ளைகளைவிடப் பொருத்தமானவர்கள் கிடையாது. அடுத்த கல்வியாண்டில் ஆய்வுத் தலைப்பு கொடுக்கிற பேராசிரியர்கள் பத்து மாணவர்களுக்குப் பத்துச் செடி என்று பிரிக்காமல், பத்துப் பேருக்கும் ஒரே செடியைக் கொடுக்கட்டும். ஒருவர் மலையாளப்பட்டிக்குப் போய்ப் பதிவேடு எழுத, ஒருவர் செடியை அடையாளம் காண, ஒருவர் ஊர் செய்கிறபடி கஷாயம் வைக்க, ஒருவர் குறைந்தபட்ச அளவு பார்க்க, ஒருவர் ஆன்டிபயாட்டிக்கோடு சேர்த்துப் பார்க்க, ஒருவர் அது தோல் செல்களைக் கெடுக்கிறதா என்று பார்க்கட்டும். மூன்று வருடத்தில் வெட்டுக்காயப் பூண்டைப் பற்றிப் பெரம்பலூருக்குத் தெரிந்த அளவு உலகில் வேறெங்கும் தெரிந்திருக்காது.